போர் ஓய்ந்த மண்ணில் முளைக்கும் சபைகள்: முதலூர் முதல் வன்னி வரை

முதலூர் என்றவுடன் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது மஸ்கோத் அல்வாதான். தேங்காய்ப்பால் எடுத்து, மணிக்கணக்கில் கிண்டிச் செய்யும் அந்த அல்வாவை வாங்கிப் போகிற பலருக்கு ஊரின் பெயர்க்காரணம் தெரியாது. சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில், செந்நிறத் தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த இடத்தில், 1799-ஆம் ஆண்டு புதிதாக உண்டாக்கப்பட்ட ஊர் அது. கிறிஸ்தவர்களுக்கென்று நிலம் வாங்கிக் குடியேற்றிய முதல் ஊர் என்பதால் முதலூர். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த வருடம். 1799 அக்டோபர் 16 அன்றுதான் கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஒரே சீமையில், ஒரே வருடத்தில், ஒரு பக்கம் கோட்டை விழுகிறது, இன்னொரு பக்கம் ஒரு சபை எழுகிறது. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் இந்த இரண்டும் ஒரே பக்கத்தில் வருவதில்லை. ஒன்று விடுதலைப் போராட்ட வரலாற்றில் வரும், மற்றது திருச்சபை வரலாற்றில் வரும். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்தவர்களுக்கு இரண்டும் ஒரே வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள்.

போர் முடிந்த இடங்களுக்குப் போய்ப் புதிய சபைகளை ஏற்படுத்தும் ஊழியம் சரியா தவறா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. ஒரு தரப்பு "அடிபட்டுக் கிடக்கிறவனை மதம் மாற்றுகிறார்கள்" என்கிறது. இன்னொரு தரப்பு "யாருமே எட்டிப் பார்க்காத இடத்துக்கு நாங்கள்தானே போனோம்" என்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது, இரண்டும் முழு உண்மை இல்லை. இந்த விவாதத்துக்குத் திருநெல்வேலியின் இருநூறு வருட அனுபவம் மிகவும் பயன்படும். ஏனென்றால் இங்கே விதைத்தது என்ன ஆனது என்று பார்க்கும் அளவுக்குக் காலம் கடந்திருக்கிறது.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்

திருநெல்வேலிச் சபை வரலாறு ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து தொடங்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு பிராமண விதவையிடமிருந்து தொடங்குகிறது. உடன்கட்டையிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியால் காப்பாற்றப்பட்டவர் என்று சொல்லப்படுகிறது. அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்து வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, திருமணமாகாமல் சேர்ந்து வாழ்வதைக் காரணம் காட்டி மிஷனெரி சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778-ல்தான் அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. குளோரிந்தா என்று பெயர் பெற்றார். 1780-ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். அவருடைய முயற்சியில் கட்டிய ஆலயம் 1785-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஊர்க்காரர்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றார்கள், பக்கத்தில் இருக்கும் கிணறு பாப்பாத்தி அம்மாள் கிணறு. அ. மாதவையா 1915-ல் இவரை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

பாளையங்கோட்டை அப்போது ஒரு ராணுவ முகாம். ஆற்காட்டு நவாபும் கும்பினியும் பாளையக்காரர்களும் வரிக்காக மாறி மாறி மோதிக்கொண்டிருந்த காலம். அந்த முகாமின் ஓரத்தில் சிப்பாய்களும் வேலைக்காரர்களும் சேர்ந்த சின்னக் கூட்டமாகத்தான் சபை இருந்தது. 1790-ல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதனும், 1791-ல் வந்த ஜெனிக்கே என்ற ஜெர்மானியரும் அதைக் கவனித்துக்கொண்டார்கள். அது பெரிதாகப் பரவவில்லை.

பரவியது சாத்தான்குளம் பகுதியைச் சேர்ந்த ஒரு பனையேறிக் குடும்பத்து மனிதரால். காலன்குடியைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம். உபதேசியாராகத் தன் உறவினர்களிடமே திரும்பிப் போய்ப் பேசினார். அவர்கள் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களுக்கு அடி விழுந்தது, ஜெபக்கூடங்கள் இடிக்கப்பட்டன. அதனால்தான் தனியாக நிலம் வாங்கி முதலூர் உண்டாக்கப்பட்டது.

எதற்காகச் சேர்ந்தார்கள்?

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மண்ணால் மறுபடி எழுந்தது. மே மாதம் அது வீழ்ந்தது. அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள், நவம்பரில் ஊமைத்துரை. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. மக்களிடம் இருந்த ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. இடையில் 1801 ஜூலை ஒப்பந்தத்தின்படி கர்நாடகம் முழுவதும் கும்பினி கைக்கு வந்துவிட்டது.

அடுத்த வருடமே, 1802-ல், கெரிக்கே என்ற வயதான மிஷனெரி திருநெல்வேலிக்கு வருகிறார். ஊர் ஊராக மக்கள் காத்திருக்கிறார்கள். அவரும் சத்தியநாதனும் சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இருபது வருடத்தில் நடக்காதது ஒரே வருடத்தில் நடந்தது. போர் முடிந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியுமா?

சம்பந்தம் இருக்கிறது. பாளையக்காரர் ஆட்சியில் ஒரு ஏழைக்குக் காவல் கொடுத்தவனும் அவன்தான், காவல் கூலி என்று பிடுங்கியவனும் அவன்தான். அந்த அமைப்பு ஒரே அடியில் நொறுங்கியது. புதிய அதிகாரம் கலெக்டர் கச்சேரியில் இருந்தது. அந்தக் கச்சேரிக்கு ஒரு மனு எழுதித் தரவும், வெள்ளைக்கார அதிகாரியிடம் எடுத்துச் சொல்லவும் யாரால் முடியும்? மிஷனெரியால் முடியும். இதைச் சாதாரணப் பனையேறியும் புரிந்துகொண்டிருந்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாமிரபரணி நீர் பாயும் நஞ்சை ஊர்களில் இந்த அலை அடிக்கவில்லை. அங்கே நிலமும் கோயிலும் மேல்சாதியினரின் கையில் உறுதியாக இருந்தன. போர் அவர்களுடைய மடை வரிசையைக்கூட மாற்றவில்லை. சபைகள் பெருகியது ஆற்றுக்குத் தெற்கே, தண்ணீர் எட்டாத தேரிக்காட்டில். பனை மரம் ஏறினால்தான் அன்றைய பாடு என்றிருந்தவர்கள், கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாதவர்கள், தங்கள் பெண்கள் மாராப்பு போடும் உரிமைக்குத் தெற்கே திருவிதாங்கூரில் பின்னால் போராட வேண்டியிருந்தவர்கள். அவர்களுக்குப் பழைய ஒழுங்கில் இழப்பதற்கு அதிகம் இல்லை.

ஆகவே பாதுகாப்புக்காகச் சேர்ந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் இதைச் சொல்லி அவர்களைச் "சோற்றுக் கிறிஸ்தவர்கள்" என்று இகழ்வது நியாயமில்லை. ஏழை கணக்குப் பார்த்தால் மட்டும் அது குற்றமா? நவாபுக்குக் கடன் கொடுத்த ஆங்கிலேய வியாபாரி கணக்குப் பார்த்தான், கும்பினி பக்கம் சேர்ந்த பாளையக்காரர்கள் கணக்குப் பார்த்தார்கள். பனையேறி தன் குடும்பம் அடிபடாமல் வாழ ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தான். அவனுக்குச் சொந்த அறிவே இல்லை, யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பேசுவது அவனை இன்னொரு முறை அவமதிப்பதுதான்.

போனவர்களும் நின்றவர்களும்

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தவர்களைக் கவனிக்க ஆள் இல்லை. கெரிக்கே 1803-ல் இறந்துபோனார். சத்தியநாதனுக்கு வயதாகிவிட்டது. ஐரோப்பாவில் நெப்போலியன் போர்கள் நடந்ததால் ஜெர்மனியிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வந்துகொண்டிருந்த ஆளும் பணமும் வற்றின. எதிரிகளிடமிருந்து காக்கத் தாவீது சுந்தரானந்தம் தடிக்கம்புக்காரர்கள் என்ற ஒரு படையை வைத்திருந்தார் என்றும், கடைசியில் விஷம் வைக்கப்பட்டு இறந்தார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1811-ல் மாவட்டத்தையே உலுக்கிய கொள்ளைக்காய்ச்சல் வந்தபோது, புதிய சாமி காப்பாற்றவில்லை என்று பலர் பழைய தெய்வங்களிடம் திரும்பினார்கள்.

1816-ல் பாளையங்கோட்டைக்கு ராணுவக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் தேடிப் பார்த்தபோது சுமார் மூவாயிரம் பேர் மிச்சமிருந்தார்கள். பல வருடங்களாக எந்த வெளிநாட்டு மிஷனெரியும் நிலையாகத் தங்காத நிலையில், சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காத உபதேசியார்களை வைத்துக்கொண்டு, ஓலைக் கொட்டகைகளில் கூடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மூவாயிரம்தான் உண்மையான எண்ணிக்கை. 1802-ன் எண்ணிக்கை போரின் அதிர்ச்சியையும் சேர்த்துக் காட்டியது, 1816-ன் எண்ணிக்கை சபையை மட்டும் காட்டியது. போர் முடிந்த இடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று முதல் வருடம் அறிக்கை எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பதினைந்து வருடம் கழித்து, கொடுக்கிறவர்கள் எல்லாம் போன பிறகு, யார் கூடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. பின்னாளில் 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போதும் இதே கதை நடந்தது. பல்லாயிரம் பேர் சபைகளில் சேர்ந்தார்கள், பஞ்சம் தீர்ந்ததும் அவர்களில் பலர் விலகினார்கள்.

நிலம், பள்ளிக்கூடம், பிறகு கேள்வி கேட்கும் உரிமை

1820-ல் வந்த ரேனியஸ் இந்தப் பாடத்தைப் புரிந்துகொண்டவர் என்று சொல்லலாம். அடித்துத் துரத்தப்பட்டவர்கள் குடியேறுவதற்கு நிலம் வாங்க 1830-ல் ஒரு தருமச் சங்கம் ஏற்படுத்தப்பட்டது. உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் அதற்குப் பணம் போட்டார்கள். ஜெர்மனியிலிருந்து டோனா பிரபு அனுப்பிய பணத்தில் 1827-ல் உருவான ஊர்தான் டோனாவூர். நெடுவிளை மெஞ்ஞானபுரம் ஆனது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வந்தது. பாளையங்கோட்டைக்குப் பின்னால் கிடைத்த "தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு" என்ற பெயரின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அதே ரேனியஸ் தன் உபதேசியார்களுக்குத் தானே குருப்பட்டம் கொடுக்க விரும்பினார். பிஷப்தான் கொடுக்க வேண்டும் என்றது அவரை அனுப்பிய சங்கம். 1835-ல் அவர் விலக்கப்பட்டார், 1838-ல் இறந்தார். பெரிய சண்டை, பிளவு. இறையியல் சண்டை போலத் தெரிந்தாலும் அதற்குள் இருந்த கேள்வி எளிமையானது: இந்தச் சபை யாருடையது?

இதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டவர் அருமைநாயகம் சட்டம்பிள்ளை. நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849-ல் எழுதிய புத்தகம் அந்த மக்களைக் கொதிக்க வைத்தது. மிஷனெரிகளின் அதிகாரத்தை எதிர்த்து, 1857-ல் நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரத்தில் சட்டம்பிள்ளை தனியாக ஒரு இந்துக் கிறிஸ்தவ சபையையே தொடங்கிவிட்டார். கிறிஸ்து வேண்டும், வெள்ளைக்காரத் துரைத்தனம் வேண்டாம் என்பதுதான் அவர் நிலை. மிஷனெரிகளுக்கு அது நன்றிகெட்ட செயலாகத் தெரிந்தது. ஆனால் கொடுத்தவனை எதிர்த்துப் பேசும் துணிவு வந்த பிறகுதான் ஒரு சபை தன் காலில் நிற்கிறது என்று சொல்ல முடியும்.

சாதி விஷயத்தில் மட்டும் இந்தச் சபைகள் தோற்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்த சுவர் இருந்தது. அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. சீர்திருத்தச் சபைகளும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. குடும்பம் குடும்பமாக, சாதி சாதியாகச் சேர்ந்த சபைகள் அந்தச் சாதியையும் கூடவே உள்ளே கொண்டுவந்துவிட்டன.

யாழ்ப்பாணம் சொல்லிக்கொடுத்தது

1902-ல் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணத்துக்குப் போனார். வெள்ளாளன்விளையில் பிறந்தவர், அப்போது ஒய்.எம்.சி.ஏ. ஊழியர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கரைக்கு ஊழியர் அனுப்பியிருந்ததைப் பார்த்தார். இவ்வளவு பெரிய திருநெல்வேலிச் சபை ஏன் இதைச் செய்யவில்லை என்ற வெட்கம் வந்தது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அதன் முதல் களம் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதி. 1912-ல் அசரியா அங்கேயே பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப்.

திருநெல்வேலிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அதே ஈழத்து வடக்கு, நூறு வருடம் கழித்துப் போரில் சிதைந்தது.

வன்னியில் இரண்டு விதமான சபைகள்

2009 மே மாதம் போர் முடிந்தபோது இரண்டே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான மக்கள் முள்வேலி முகாம்களில் இருந்தார்கள். மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில்தான் முழுதாக மூடப்பட்டது. திரும்பிப் போனவர்களின் வீடுகளுக்குக் கூரை இல்லை, பல வீடுகளில் ஆண்கள் இல்லை, காணாமல் போனவர்களைப் பற்றிய பதிலும் இல்லை. அந்த நிலத்தில் வீடுகளிலும் கொட்டகைகளிலும் சிறு சிறு சுவிசேஷ சபைகள் நிறையத் தோன்றின. 2016-ல் மதமாற்றத்தை எதிர்த்துச் சிவசேனை என்ற அமைப்பு வடக்கில் தொடங்கப்படும் அளவுக்கு அது சர்ச்சையானது. இன்னொரு பக்கம், புதிய வழிபாட்டுத் தலங்களுக்கு அரசு அனுமதி கேட்கும் 2008-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி இலங்கையின் பல இடங்களில் சிறிய சபைகள் மிரட்டப்பட்டதும் நடந்தது.

இந்தப் புதிய சபைகளோடு ஒப்பிட அங்கேயே ஒரு பழைய சபை இருக்கிறது. மடு மாதா கோவிலில் தஞ்சம் புகுந்தவர்கள்மீது 1999 நவம்பரில் ஷெல் விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மாதா சொரூபத்தையே எடுத்துக்கொண்டு குருக்கள் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தார்கள். அதாவது ஜனங்களோடு மாதாவும் அகதி ஆனாள். 2009 மேயில் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு சென்ற குரு பிரான்சிஸ் ஜோசப் திரும்பி வரவே இல்லை. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசு நியமித்த ஆணைக்குழு முன்னால் போய், 1,46,679 பேரின் கணக்கு எங்கே என்று அரசாங்கப் புள்ளிவிவரத்தை வைத்தே கேட்டார்.

போருக்குப் பின் வந்த ஊழியர்களில் பலர் இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. கண்ணீரைத் துடைத்து, ஜெபித்து, நடந்ததை மறந்துவிடச் சொன்னார்கள். தகரமும் அரிசியும் சைக்கிளும் வந்தன, நீதி என்ற சொல் வரவில்லை. அதற்குக் காரணமும் புரிகிறது. அந்தச் சொல்லைச் சொன்னால் ராணுவம் அனுமதி தராது. ஆனால் மகனைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலையும் ஒரு தாயிடம், அந்த மகனைப் பற்றிப் பேசாமல் ஆறுதல் மட்டும் சொல்வது எந்த விதமான நற்செய்தி?

உடன் இருக்கத் தவறினால் பழைய சபையும் தப்பாது. ருவாண்டாவில் 1994-ல் ஆலயங்களுக்குள் ஒளிந்தவர்கள் ஆலயங்களுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள், அதற்கு உடந்தையாக இருந்த குருமாரும் உண்டு. அதன் பிறகு மக்கள் பழைய சபைகளைவிட்டுப் புதிய பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போனார்கள். அவை கட்டுப்பாடில்லாமல் பெருகின என்று சொல்லி 2018-ல் கிகாலியில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட வழிபாட்டு இடங்களை அரசு மூடியது. பழைய சபை என்பதால் நல்லது, புதிய சபை என்பதால் கெட்டது என்றும் முடிவு கட்ட முடியாது.

அப்படியானால் என்ன செய்வது?

சட்டம் போட்டுத் தடுப்பது தீர்வு இல்லை. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-ல் கைவிடப்பட்டது. அது இருந்த காலத்தில் பயந்தவர்கள் பலவீனமானவர்கள்தான். நம்பிக்கையை மாற்றிக்கொள்ள ஒரு மனிதன் கலெக்டரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 1801-ன் கச்சேரிக் காலத்துக்குத் திரும்பிப் போவது.

ஆனால் சட்டம் தடுக்காத எல்லாமே சரியாகிவிடாது. போர் முடிந்த இடத்துக்குப் போகிற எந்தச் சபையும் குறைந்தபட்சம் சிலவற்றைத் தனக்குத்தானே விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, நிவாரணம் கொடுக்கிற கையும் பெயர் எழுதுகிற கையும் வேறு வேறாக இருக்க வேண்டும். தகரம் வாங்க வந்தவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லக் கூடாது. வராதவருக்கும் அதே தகரம்.

இரண்டாவது, அவசரம் கூடாது. பிணம் எடுத்த வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள் என்பது தமிழர் எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. துக்கத்தில் இருக்கிறவர் எடுக்கும் முடிவுக்குக் காலம் கொடுத்தால் உண்மையான நம்பிக்கை ஓடிவிடாது. ஓடிவிடும் என்று பயந்தால் அது நம்பிக்கை இல்லை.

மூன்றாவது, அந்த ஊர் ஆளே ஊழியராக வேண்டும், கணக்குப் புத்தகம் சீக்கிரம் அவர் கைக்குப் போக வேண்டும். தாவீது சுந்தரானந்தம் இல்லாமல் முதலூர் இல்லை. 1816 வரை தாக்குப்பிடித்ததும் உபதேசியார்களால்தான்.

நான்காவது, மக்களின் வழக்கைத் தன் வழக்காக எடுத்துக்கொள்ளத் தைரியம் இல்லாவிட்டால் போகவே கூடாது. முதலூரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள், மனு எழுதிக் கொடுத்தார்கள். வன்னியில் காணி கேட்டும் பிள்ளைகளைக் கேட்டும் தெருவில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் பந்தலில் சபைக்கு ஒரு இடம் இருக்க வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வருடத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். ஊரே கொடுத்த அரிசியையும் காய்கறியையும் ஒரே இடத்தில் சமைத்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சபையில் இல்லாத அக்கம்பக்கத்தாரும் வருவார்கள், யாரையும் பெயர் கேட்பதில்லை. தொடக்கத்தில் யாரோ கொடுத்ததை வாங்கிய ஜனங்கள், இருநூறு வருடத்தில் தாங்களே சமைத்து மற்றவர்களுக்குப் பரிமாறுகிற இடத்துக்கு வந்திருக்கிறார்கள். வன்னியில் இன்று நிற்கும் கொட்டகைகளில் எத்தனை அந்த நிலைக்கு வரும்? அங்கே போகிற ஊழியர்கள் தங்கள் அறிக்கையில் எழுத வேண்டிய கேள்வி அதுதான்.